செயற்கைக்கோளுக்கு உங்களைத் தெரியாது

"போன்ல ஜிபிஎஸ் ஆன்ல இருக்குண்ணே, ஏதாச்சும்னா கோஸ்ட்கார்டு பாத்துட்டு வந்துருவாங்க."

ராமேஸ்வரம் தீவின் மீனவ ஊர்களான பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சின்னப் பையன்கள் மட்டும் சொன்னால் விட்டுவிடலாம். பல வருடம் விசைப்படகு ஓட்டியவர்களும் இதையே சொல்லி, வயர்லெஸ் செட்டைப் பழுது பார்க்காமல் தொழிலுக்குப் போகிறார்கள்.

யாரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள், தன் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டே போகிறது. கேட்பது போனின் வேலை. வானொலியில் வானிலை அறிக்கை வாசிப்பவருக்கு எந்தப் படகில் ரேடியோ ஓடுகிறது என்று தெரியுமா? அப்படித்தான். உங்கள் போன் அந்தக் கோளுக்கு ஒரு வார்த்தைகூடத் திருப்பிச் சொல்வதில்லை. நம்ம நாட்டு நேவிக் கோள்களும் இதே வகைதான். சில விலை உயர்ந்த போன்களில், சில நாடுகளில், செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பலாம். அது தனி வசதி, ஜிபிஎஸ் இல்லை.

வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷன் போட்டுவிட்டுப் போவதும் இதே ஏமாற்றம்தான். டவர் விட்டதும் அந்தப் புள்ளி கடைசியாக நெட் கிடைத்த இடத்திலேயே நின்றுவிடும். கீழே சின்ன எழுத்தில் எப்போது புதுப்பித்தது என்று இருக்கும். வீட்டில் யாரும் அதைப் படிப்பதில்லை, "இங்கதான் நிக்கிறாங்க" என்று நிம்மதியாக இருப்பார்கள்.

நேர்மாறான தப்பும் உண்டு: நெட் இல்லையென்றால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்பது. செய்யும். ஏரோபிளேன் மோடில்கூட செய்யும். நடுக்கடலில் அப்படிப் போட்டு வைப்பதே நல்லது, இல்லாத டவரைத் தேடித் தேடித்தான் பாதி சார்ஜ் போகிறது. கரை நெருங்கியதும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். நெட் இல்லாமல் வராதது வரைபடம்தான், ஜிபிஎஸ் இல்லை. அதை வீட்டிலேயே இறக்கி வைக்க வேண்டும். அந்த நீலப் பரப்பு ஆழத்தையும் காட்டாது, கடலடிப் பாறைகளையும் காட்டாது என்பதும் நினைவிருக்கட்டும்.

நெட் இல்லாதபோது முதல் புள்ளி விழத் தாமதமாகும். ஒவ்வொரு கோளும் தன் பாதை விவரத்தைச் சொல்லி முடிக்க 30 விநாடி ஆகும். நடுவில் தகரக் கூரை மறைத்தால் விட்டுப்போனது திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டும். கரையில் நெட் அந்த விவரத்தை நொடியில் தந்துவிடுகிறது. அதனால் படகுத்துறையை விட்டுக் கிளம்புமுன் மேப்பைத் திறந்து புள்ளி விழுந்ததைப் பாருங்கள். புள்ளியைச் சுற்றி வெளிறிய நீல வட்டம் பெரிதாக இருந்தால் நம்பாதீர்கள், அந்த வட்டத்துக்குள் எங்கேயும் நீங்கள் இருக்கலாம். திறந்த வானத்தில் ஐந்து மீட்டர் அளவுக்குச் சுருங்க வேண்டும். போனுக்கு பிளாஸ்டிக் உறை போடலாம், சாப்பாடு சூடாக வைக்கும் வெள்ளித்தாள் பை கூடவே கூடாது.

டேப்லெட் வாங்குகிறவர்களுக்கு: சிம் போட முடியாத, வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. மற்ற கம்பெனிகளின் வைஃபை டேப்லெட்டிலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வீட்டில் இடம் சரியாகத்தான் காட்டும், சுற்றியுள்ள வைஃபைகளை வைத்துச் சொல்கிறது. கடலில் ஏது வைஃபை? கோள்களின் எண்ணிக்கை காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, கடை வாசலில் வெயிலில் நின்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இனி, பாயிண்ட், அதாவது கடலில் ஓர் இடத்தைக் குறிக்கும் அட்ச, தீர்க்க எண்கள். படகில் இருக்கும் ஜிபிஎஸ் செட் பெரும்பாலும் டிகிரி, மினிட் காட்டும். போன் மேப் டிகிரியைத் தசமத்தில் காட்டும். 9 டிகிரி 20.5 மினிட் என்பதை 9.205 என்று அடிக்கிறார்கள். தப்பு! மினிட்டை 60-ஆல் வகுக்க வேண்டும்: 9.3417. வித்தியாசம் 8 கடல் மைலுக்கு மேல். ராமேஸ்வரத்துக்கு நேர் வடக்கே வடகடலில் கிடக்கும் படகு, காகிதத்தில் தீவைத் தாண்டித் தென்கடலுக்குப் போய்விடும். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1974, 1976 ஒப்பந்தங்களின் எல்லைக்கோடும் இப்படிப்பட்ட பாயிண்டுகளை இணைத்த கோடுதான். அதில் ஒரு மினிட் தப்பினால் என்ன ஆகும் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஆபத்தில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். வயர்லெஸ்ஸில் சேனல் 16. டவர் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் போலீசுக்கு 1093. இஸ்ரோ உருவாக்கிய டாட் என்ற ஆபத்து அறிவிப்புக் கருவி படகில் இருந்தால் அதன் பட்டனை அழுத்துங்கள், அது நிஜமாகவே செயற்கைக்கோளுக்கு அனுப்புகிற கருவி. தயவுசெய்து அதைப் பெட்டிக்குள் போட்டு வலைக்கு அடியில் வைக்காதீர்கள். வயர்லெஸ்ஸில் சொல்லும்போது படகு எண், அட்சம், பிறகு தீர்க்கம், எத்தனை பேர், என்ன ஆபத்து. டிகிரி மினிட்டா, தசமமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.