பிரேசில் கொடியில் வானம் ஏன் திரும்பியிருக்கிறது?

ஆஸ்திரேலியக் கொடி, பிரேசில் கொடி, இரண்டிலும் தெற்குச் சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது. ஆனால் சிலுவைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஐந்தாவது குட்டி நட்சத்திரம் ஒன்றில் வலப்பக்கம், மற்றதில் இடப்பக்கம். யார் தப்பாக வரைந்தது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். யாரும் தப்பாக வரையவில்லை.

கதை சின்னதுதான். 1889 நவம்பர் 15-ல் பிரேசிலில் முடியாட்சி போய்க் குடியரசு வந்தது, நான்கே நாளில் புதுக்கொடியும் வந்துவிட்டது. பச்சை என்றால் காடு, மஞ்சள் என்றால் தங்கம் என்பார்கள். ஆனால் இரண்டும் பழைய முடியாட்சிக் கொடியின் நிறங்கள்: பேரரசர் முதலாம் பெத்ரோவின் பிரகான்சா வம்சத்துப் பச்சை, அவர் மனைவி லெயோபோல்தினாவின் ஹாப்ஸ்பர்க் வம்சத்து மஞ்சள். அரச குடும்பத்தை அனுப்பிவிட்டு அவர்கள் நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்!

கொடியின் நடுவே நீல வட்டத்தில் இருப்பது குடியரசு பிறந்த அன்று காலை 8.30 மணிக்கு ரியோ டி ஜெனிரோவின் வானம். காலையில் ஏது நட்சத்திரம்? வெயில் மறைத்தாலும் அவை அங்கேதானே இருக்கின்றன. அந்த நேரத்தில் தெற்குச் சிலுவை தென்வானில் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும். மானுவேல் பெரெய்ரா ரெய்ஸ் என்ற வானியலாளர் இதற்கு உதவினார்.

சரி, ஏன் திருப்பினார்கள்? ஒரு பழைய கருப்புக் குடையில் சிலுவை மாதிரி நான்கு ஓட்டை போட்டு, வலப்பக்கம் தள்ளி ஐந்தாவதாக ஒன்று குத்துங்கள். குடைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் அது வலப்பக்கம்தான். அதே குடையை மாடியிலிருந்து, சிலுவையின் தலை மேலே இருக்கும்படி நின்று குனிந்து பாருங்கள், ஐந்தாவது ஓட்டை இடப்பக்கம் போயிருக்கும். ஆஸ்திரேலியா குடைக்குள் நிற்கிறது, பிரேசில் மாடியில் நிற்கிறது, அவ்வளவுதான். நட்சத்திரங்கள் ஒட்டியிருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளும் வான்கோளத்துக்கு வெளியிலிருந்து பார்ப்பதாகக் கொள்ள வேண்டும் என்று அவர்களுடைய 1971 சட்டமே சொல்கிறது.

எனக்கு இதில் பிடித்ததே அந்த இல்லாத இடம்தான். உண்மையில் அப்படி ஒரு குடையே கிடையாது. சிலுவையின் தலையில் இருப்பது சுமார் 88 ஒளியாண்டு தூரத்தில், காலடியில் இருப்பது 320 ஒளியாண்டு தூரத்தில். நிஜமாகவே வெளியே போய்ப் பார்த்தால் சிலுவையே கலைந்துவிடும்.

இப்போது கொடியில் 27 நட்சத்திரங்கள், 26 மாநிலமும் ஒரு தலைநகர் மாவட்டமும். நீல வட்டத்தின் குறுக்கே போகும் வெள்ளைப் பட்டைக்கு மேலே தனியாக நிற்பது நம் சித்திரை நட்சத்திரம், பாரா மாநிலத்துக்கு உரியது (அந்த மாநிலத்துக்கு யாராவது ராசிபலன் எழுதாமல் இருந்தால் சரி). தலைநகருக்குப் பெரிய நட்சத்திரமாகக் கொடுத்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? அடியில் கிடக்கும் சிக்மா ஆக்டான்டிஸைக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல இருட்டில்கூடக் கண்ணைச் சுருக்கித் தேட வேண்டிய மங்கல் நட்சத்திரம். ஆனால் அது வானத் தென்துருவத்துக்குப் பக்கத்தில் கிட்டத்தட்ட அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, பூமியிலிருந்து பார்த்தால் மற்ற 26-ம் அதைத்தான் சுற்றுவதுபோல் தெரிகின்றன.