எச்.பி. எவ்வளவு என்று கேட்கும் முன் மண்ணைப் பாருங்கள்

டிராக்டர் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் போதும், "எத்தனை எச்.பி.?" என்றுதான் முதல் கேள்வி வரும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கூட, பக்கத்துக் காட்டில் 50 எச்.பி. வண்டி ஓடுகிறது என்பதற்காகக் கடன் வாங்கி அதையே எடுத்துவிட்டு தவணை கட்டத் தடுமாறுவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியிடம் இருக்கும் சராசரி நிலமே 0.75 எக்டேர்தான்.

எச்.பி. (குதிரைத்திறன்) என்பது இன்ஜின் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்கிற அளவு, ஒரு எச்.பி. சுமார் 746 வாட். ஆனால் கலப்பை நகர்வதற்கு அது மட்டும் போதாது. பின் டயரின் பட்டைகள் மண்ணைப் பின்னால் தள்ளுவதால்தான் வண்டி முன்னால் போகிறது, அந்தத் தள்ளலை மண் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் இழுவை. மண் விட்டுக்கொடுத்துவிட்டால் எந்தப் பெரிய வண்டியும் நின்ற இடத்தில் குழி பறிக்கும்.

மணல்சாரி நிலத்தில் துகளுக்கும் துகளுக்கும் உள்ள உராய்வுதான் பிடி, மேலே எடை ஏற ஏற அது கூடும். பின் டயரில் தண்ணீர் நிரப்புவதும் வெயிட் மாட்டுவதும் அதற்காகத்தான். தண்ணீர் கட்டிய நெல்வயல் களிமண் அப்படியில்லை. அங்கே ஒட்டுத்தன்மைதான் பலம், எடையைக் கூட்டினால் பிடி கூடுவதற்குப் பதிலாக வண்டி புதையும். அதனால் எடையைக் கூட்டாமல் சக்கரம் படும் பரப்பைக் கூட்டவேண்டும். கேஜ் வீல் செய்வது இதைத்தான்: இரும்புப் பட்டைகள் அகலமாகச் சேற்றில் இறங்கி, துடுப்பு போடுவதுபோலத் தள்ளிக்கொண்டு போகும்.

எடை குறைந்த வண்டி நன்றாக இழுக்க இன்னொரு வழியும் உண்டு. கலப்பையை வண்டியின் பின்னால் மூன்று இடத்தில் மாட்டும் அமைப்புதான் மூன்று புள்ளி இணைப்பு. அயர்லாந்துப் பொறியாளர் ஹாரி பெர்குசன் 1920களில் உருவாக்கிய இந்த இணைப்பில், மண்ணை வெட்டும் கலப்பையைக் கீழே அழுத்தும் விசையில் ஒரு பங்கு பின் சக்கரங்கள் மேல் ஏறுகிறது. வண்டியில் எடை ஏற்றாமலே பிடி கூடுகிறது. இன்றைக்குப் பெரும்பாலான டிராக்டர்களின் பின்னால் இருப்பது இதுதான்.

சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரின் கதை வேறு. அதன் கத்திகளைச் சுழற்றுவது பி.டி.ஓ. தண்டு, அதாவது இன்ஜின் சக்தியைப் பின்னால் உள்ள கருவிக்குக் கொடுக்கும் தண்டு, வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று. கத்திகள் மண்ணை வெட்டும்போது வண்டியை முன்னால்தான் தள்ளும், அதனால் இழுவைக்கென்று எடை பெரிதாகத் தேவையில்லை. தென்னை, வாழைக்கு நடுவே ரோட்டவேட்டர்தான் முக்கிய வேலை என்றால் 25 எச்.பி. பக்கம் உள்ள சின்ன வண்டியும் நாலடி ரோட்டவேட்டரும் போதும் என்பது என் கருத்து, வரப்போரம் திருப்புவதும் சுலபம்.

வாங்கும் முன் டெமோவை உங்கள் வயலிலேயே கேளுங்கள், ஷோரூம் வாசலில் வேண்டாம். பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிவைத்தபடி சக்கரம் பத்துச் சுற்று சுற்ற எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள், அப்புறம் உழுதபடி அதே பத்துச் சுற்று. முதலில் 40 மீட்டர், உழும்போது 35 என்றால் வழுக்கல் (சக்கரம் சுற்றியும் வண்டி நகராமல் வீணாகும் பங்கு) 12 சதவீதம் சொச்சம், நல்ல வண்டி. 30 மீட்டருக்கு இறங்கினால் டீசலும் டயரும் வீணாகத் தேய்கின்றன. வழுக்கலே இல்லையென்றால் தேவைக்கு மேல் எடையைச் சுமந்துகொண்டு வண்டி உங்கள் மண்ணை இறுக்கிக்கொண்டிருக்கிறது.