‘இணைய வரி’ என்றால் யார் கட்டும் வரி?

‘இணைய வரி’ என்று தலைப்புப் போட்டுவிட்டு, உள்ளே பெரிய விளம்பர நிறுவனங்கள் கட்டுகிற வரியைப் பற்றி எழுதுகிறார்கள். அடுத்த வாரம் அதே சொல்லை வைத்து, நெட் பில்லோடு சேர்த்து நாம் கட்டுகிற வரியைப் பற்றி எழுதுகிறார்கள். இரண்டும் வேறு வேறு வரி. படிக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘இணை’ என்ற வினையடியிலிருந்து வந்தது இணையம். ‘வரி’ பழைய சொல், கோட்டுக்கும் அதுதான், அரசுக்குக் கட்டுவதற்கும் அதுதான். சோழர் கல்வெட்டுகளில் இறை, ஆயம், கடமை என்றெல்லாம் வரும். சுங்கப் பொருளைக் குறளே ‘உல்கு பொருள்’ என்கிறது. தனித்தமிழ் ஆர்வத்தில் ‘இணைய இறை’ என்று எழுதுபவர்கள் உண்டு, ஆனால் இறை என்றால் இன்றைக்குக் கடவுள்தான் நினைவுக்கு வருகிறார். வரி நல்ல தமிழ்ச்சொல், எல்லாருக்கும் புரிகிறது, அதை மாற்ற வேண்டியதில்லை.

சிக்கல் ‘இணைய’ என்ற முன்பகுதியில்தான். அமெரிக்காவில் 1998-ல் வந்த சட்டம் ஒன்று, இணைய இணைப்புக்கு மாநிலங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் புதிதாக வரி போடக் கூடாது என்று தடுத்தது. 2016-ல் அந்தத் தடை நிரந்தரமானது. இதைத் தமிழில் ‘அமெரிக்காவில் இணைய வரி கிடையாது’ என்று எழுதினால், ஆன்லைனில் வாங்கும் பொருளுக்கும் அங்கே வரி இல்லை போலிருக்கிறது என்றுதான் வாசகர் நினைப்பார். அது தவறு. வெளிமாநிலத்திலிருந்து ஆன்லைனில் விற்பவர்களும் விற்பனை வரி வசூலிக்க வேண்டும் என்று மாநிலங்கள் சொல்லலாம் என 2018-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. பிரான்ஸ் 2019-ல் கொண்டுவந்த 3 சதவீத வரியும், பிரிட்டன் 2020-ல் கொண்டுவந்த 2 சதவீத வரியும் பெரிய நிறுவனங்களின் டிஜிட்டல் வருவாய் மீது விழுபவை. அவற்றையும் ‘இணைய வரி’ என்றே எழுதுகிறார்கள். அரசு இணையத்துக்கு வரி போடலாமா என்று விவாதிக்கும்போது ஒருவர் அந்த நிறுவனங்களை மனதில் வைத்து ‘போடலாம்’ என்கிறார், இன்னொருவர் தன் மாதாந்திர பில்லை நினைத்துக் ‘கூடாது’ என்கிறார், இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் சண்டை போடுகிறோம் என்று நம்புகிறார்கள்!

சரி, ஆங்கிலத்தின் ‘ஆக்சஸ்’ என்ற சொல்லை வைத்து ‘இணைய அணுகல் வரி’ என்று தெளிவாக்கலாமே என்பார்கள். எனக்கு அது துளியும் ஒப்புதல் இல்லை. அணுகுவது என்றால் கிட்டே போவது. அதிகாரியை அணுகலாம், நீதிமன்றத்தை அணுகலாம். மாற்றுத்திறனாளிகள் எளிதாகப் பயன்படுத்தும்படி ஒரு தளம் அமைந்திருப்பதை ‘அணுகல்தன்மை’ என்று சொல்வதிலும் பொருள் இருக்கிறது. ஆனால் காசு கட்டி நாம் வாங்குவது இணைப்பு. நெட் கனெக்‌ஷன் என்று எல்லாரும் பேசுவதற்கு நேர் தமிழ் அதுதான். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள், அந்தப் பொருளை மக்கள் என்னவென்று சொல்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். ‘நுழைவு வரி’யும் சரிவராது, எல்லை தாண்டி வரும் சரக்குக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே என் தேர்வு ‘இணைய இணைப்பு வரி’. ‘இணை’ இரண்டு முறை வருகிறதே என்று காது கூசுபவர்கள் ‘இணைப்பு வரி’ என்று சுருக்கிக்கொள்ளட்டும், இடத்தைப் பார்த்தால் புரிந்துவிடும்.

அதையும் எல்லாவற்றுக்கும் போட்டுவிடக் கூடாது. ஹங்கேரியில் 2014-ல் ஒரு கிகாபைட்டுக்கு 150 ஃபோரிண்ட் வரி என்று அறிவித்து, புடாபெஸ்ட் தெருக்களில் மக்கள் திரண்டதும் அரசு பின்வாங்கியதே, அது தரவு வரி. சட்டப்படி அதைக் கட்ட வேண்டியது சேவை நிறுவனம்தான், சுமை கடைசியில் தங்கள் தலையில்தான் விழும் என்று மக்கள் அஞ்சினார்கள். உகாண்டாவில் 2018-ல் வந்தது வேறு: ஒரு நாளுக்கு 200 ஷில்லிங் கட்டினால்தான் வாட்ஸ்ஆப்பும் ஃபேஸ்புக்கும் திறக்கும். பலர் விபிஎன் (இருக்கும் இடத்தை மறைத்து இணையத்தில் போக உதவும் சேவை) வழியாகச் சுற்றிப் போனார்கள். அது சமூக ஊடக வரி. 2021-ல் அதை எடுத்துவிட்டு, வாங்கும் டேட்டா மீது 12 சதவீதம் போட்டார்கள், அப்போது அதுவும் தரவு வரியாகிவிட்டது. இந்த மாற்றத்தை ‘உகாண்டாவில் இணைய வரி ரத்து’ என்று எழுதினால் அது பொய்ச்செய்தி.

இணைப்புக்கு வரி போடுவதையே நான் எதிர்க்கிறேன். வேலைக்கு மனுப் போடுவதும் பிள்ளைகள் படிப்பதும் அதில்தான் நடக்கிறது, நாளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகப் போட்டால் வருமானம் குறைந்தவருக்குத்தான் வலிக்கும். நிறுவனங்களின் டிஜிட்டல் வருவாய்க்கு வரி போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அதற்கு ‘டிஜிட்டல் சேவை வரி’ என்ற பெயரே போதும்.