கார்டை கிழிக்காதீங்க, ஹேண்டிகேப்னா உங்க ஆவரேஜ் இல்ல

போன மாசம் என்கிட்ட கோல்ஃப் கோச்சிங் வர்ற ஒரு சார், ரவுண்டு முடிச்சுட்டு வந்து ஸ்கோர் கார்டை நாலா மடிச்சு பேன்ட் பாக்கெட்ல சொருகிட்டார். மொத்தம் 104 ஷாட் அடிச்சிருக்கார், ஒரு பார் 4 ஹோல்ல, அதாவது நல்ல ஆட்டக்காரர் 4 ஷாட்ல முடிக்க வேண்டிய குழியில, மட்டும் 10. "இதை போட்டா என் ஹேண்டிகேப் நாறிடும், விடுங்க கோச்"னு சொன்னாரு.

ஹேண்டிகேப்ங்கறது ஒருத்தரோட ஆட்டத் திறமையைக் காட்டற நம்பர், கம்மியா இருந்தா நல்லா ஆடறார்னு அர்த்தம். இந்த பயம் நிறைய பேருக்கு இருக்கு, காரணம் ஹேண்டிகேப்னா எல்லா ஸ்கோரையும் கூட்டி வகுக்கறதுன்னு நினைச்சுக்கறாங்க. அப்படி இல்லங்க. 2020ல இருந்து வேர்ல்ட் ஹேண்டிகேப் சிஸ்டம் வந்துருச்சு, அதுக்கு முன்னாடி உலகம் முழுக்க ஆறு விதமா கணக்கு போட்டுட்டு இருந்தாங்க. இப்போ கடைசி 20 ரவுண்டு எடுத்து அதுல பெஸ்ட் 8 மட்டும்தான் ஆவரேஜ் பண்ணுவாங்க, மீதி 12 ரவுண்டு சும்மா ரெக்கார்டுல இருக்கும். அதாவது நீங்க நல்லா ஆடினா எவ்வளவு ஆடுவீங்கங்கறதுதான் அந்த நம்பர், அதைத்தான் இன்டெக்ஸ்னு சொல்வோம், அதனால பாதிக்கு மேல நாள்ல அதுக்கு மேலதான் அடிப்பீங்க, அதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல.

ஒவ்வொரு ரவுண்டுக்கும் கணக்கு இதான், இதுல வர்ற நம்பரைத்தான் ஆவரேஜ் பண்ணுவாங்க. கோர்ஸ் ரேட்டிங், அதாவது ஹேண்டிகேப் பூஜ்யம் இருக்கறவர் அந்த மைதானத்துல அடிப்பார்னு எதிர்பார்க்கற ஸ்கோர், 71.2, ஸ்லோப் 130னு வைங்க, நீங்க 95 அடிச்சா 95ல 71.2 போக 23.8, அதை 113ஆல பெருக்கி 130ஆல வகுத்தா 20.7. இதுதான் அந்த ரவுண்டோட டிஃபரென்ஷியல். 113ங்கறது ஸ்டாண்டர்டு ஸ்லோப், சாதாரண ஆட்டக்காரருக்கு கோர்ஸ் கஷ்டமாக ஆக ஸ்லோப் ஏறும், 155 வரைக்கும் போகும். அதனாலதான் 18.4 இன்டெக்ஸ் இருக்கற நம்ம சாருக்கு, பார் 72 இருக்கற இதே கோர்ஸ்ல 20 ஷாட் சலுகையா கிடைக்குது, ஸ்லோப் 113ல ரேட்டிங்கும் பாரும் ஒண்ணா இருக்கற கோர்ஸ்ல 18தான். தயவுசெஞ்சு இன்டெக்ஸை அப்படியே தூக்கிட்டு போய் மேட்ச் ஆடாதீங்க, கோர்ஸ் ஹேண்டிகேப், அதாவது அந்த கோர்ஸ்ல கிடைக்கற ஷாட் எத்தனைன்னு பார்த்துட்டு ஆட ஆரம்பிங்க.

அப்புறம் அந்த 10. ஒரு ஹோலுக்கு நெட் டபுள் போகிதான் லிமிட், பார் 4, கூட 2, அந்த ஹோல்ல அவருக்கு கிடைக்கற ஷாட் 1, ஆக 7. ஹேண்டிகேப் கணக்குல 10 இல்ல, 7தான் ஏறும், 104 அப்படியே 101 ஆயிடும்.

மோசமான கார்டை மறைக்கறது ஒரு பக்கம்னா, டோர்னமென்ட்ல கூடுதல் ஷாட் கிடைக்கணும்னு நல்ல கார்டை மறைக்கறவங்களும் இருக்காங்க, அது சக ஆட்டக்காரனை ஏமாத்தறது, அதை நான் மன்னிக்கவே மாட்டேன். வேணும்னே மோசமா ஆடி ஹேண்டிகேப்பை ஏத்தலாம்னு பார்த்தாலும், ஒரு வருஷத்துல இருந்த உங்க குறைஞ்ச இன்டெக்ஸ்ல இருந்து 3 ஷாட் தாண்டினா அதுக்கு மேல ஏற்றம் பாதியா குறையும், 5க்கு மேல ஏறவே ஏறாது.

சாரை உட்கார வெச்சு, பாக்கெட்ல இருந்து கார்டை எடுக்க சொல்லி, ஹோல் ஹோலா ஆப்ல ஏத்தினோம். டிஃபரென்ஷியல் 25.9, பெஸ்ட் 8ல வரல, இது உள்ள வந்ததால 20ல இருந்து வெளிய போன பழைய ரவுண்டும் அந்த 8ல இல்ல. மறுநாள் காலைல போனை நீட்டி காட்டினார், அதே 18.4.