பழைய லாரியின் இன்ஜினை ஆறிய நிலையில் பாருங்கள்

வாடிக்கையாளர் ஒருவர் வாங்கவிருந்த பழைய டாடா 2515 லாரியைப் பார்ப்பதற்காக, நாமக்கல்லை அடுத்த ஒரு லாரிப்பட்டறைக்குக் காலை ஆறு மணிக்கே போயிருந்தோம். முதல் நாள் இரவே, நாங்கள் வரும்வரை வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். போனதும் வால்வு கவரின் மேல் கையை வைத்தேன், சுட்டது. “பேட்டரி எறங்கியிருக்குமோன்னு ஒரு தடவ போட்டுப் பாத்தனுங்க” என்றார் விற்பவர். ஒரு தடவை போட்டு அணைத்த இன்ஜின் அவ்வளவு சுடாது. மறுநாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

அந்த வண்டியில் இருந்தது கம்மின்ஸ் 6பிடி இன்ஜின். டாடாவும் கம்மின்ஸும் 1993இல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் தயாரித்த, ஆறு சிலிண்டரும் 5.9 லிட்டர் கொள்ளளவும் கொண்ட இந்த இன்ஜினை இருபது ஆண்டுகளாகப் பிரித்துக் கோத்து வருகிறேன். இதன் மேல் எனக்கு உள்ள மரியாதையை மறைக்க விரும்பவில்லை. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டைக் கியரே சுழற்றுவதால், அறுந்து போவதற்குச் செயினோ பெல்ட்டோ கிடையாது. டீசல் பம்ப் இயந்திர வகை. வழியில் நின்றுவிட்டால் லேப்டாப்புடன் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சங்ககிரியானாலும் நாக்பூரானாலும் உதிரி பாகமும் தெரிந்த கையும் கிடைக்கும். ஆனால் இவையெல்லாம் எல்லா 6பிடிக்கும் பொதுவான குணங்கள். நீங்கள் பணம் கொடுத்து வாங்கப் போவதோ, யாரோ ஒருவர் பல ஆண்டுகள் ஓட்டிய ஓர் இன்ஜினை. மாடலின் நற்பெயருக்கு விலை கொடுத்துவிட்டுத் தேய்ந்த இன்ஜினை வீட்டுக்கு ஓட்டி வருபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். போதாக்குறைக்கு, இந்த இன்ஜின் தேய்ந்த பிறகும் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகும், காலி வண்டியை மறுப்பேதும் சொல்லாமல் இழுக்கும். அதன் உறுதியே அதன் நோயை மறைத்துவிடுகிறது.

ஆறிய நிலையில் அந்த மறைப்பு நிற்காது. டீசல் இன்ஜினில் தீப்பொறி இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரான போரும் தேய்ந்திருந்தால் காற்று கசிந்து, குளிர்ந்த சிலிண்டரில் அந்த வெப்பம் எட்டாது. நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு நல்ல 6பிடி சில சுற்றுகளிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் அந்த வண்டி நெடுநேரம் சுற்றிய பிறகே பிடித்தது. பச்சை டீசல் நாற்றத்தோடு வெள்ளைப் புகையைக் கக்கியபடி, ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத ஐட்லிங்கில், சிலிண்டர்களுக்கு டீசலைக் கொண்டுபோகும் நாசில் பைப்புகளின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தேன். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் இன்ஜின் சத்தம் உடனே தடுமாறும். நான்காவது சிலிண்டரில் எந்த மாற்றமும் இல்லை. இந்தச் சோதனையைப் பழைய இயந்திர பம்ப் இன்ஜினில் மட்டுமே செய்யலாம். எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில், டீசலின் அழுத்தம் 1,000 பாரையும் தாண்டக்கூடியது. நட்டைத் தளர்த்தினால் பீறிடும் தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்பதால், அங்கே யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

அடுத்தது பட்டறைகளில் ‘பேக் கம்ப்ரஷன்’ என்று சொல்லப்படுவது, அதாவது எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கிப் பிரீதர் குழாய் வழியாகப் புகையாக வருவது. ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, அதே வாயின் மேல் கவிழ்த்து வைத்தால், மெல்ல நடுங்குவது இயல்பு. துள்ளி விழுந்தால் உள்ளே அழுத்தம் அதிகம் என்று பொருள். இதோடு தீர்ப்புச் சொல்லிவிடுவது தவறு. பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸரின் ரிங் தேய்ந்திருந்தாலும் அந்தக் காற்று இன்ஜினுக்குள்தான் இறங்கும். எனவே கம்ப்ரஸரின் வெளியேற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு ஒரு முறை பார்க்க வேண்டும். புகை அடங்கினால் குற்றம் கம்ப்ரஸருடையது, செலவும் சிறியது. இந்த ஒரு படியைத் தவிர்த்ததால் நல்ல இன்ஜின்கள் வீணாகப் பிரிக்கப்பட்டதை நான் கண்டிருக்கிறேன். அன்றைக்குக் குழாயைக் கழற்றிய பிறகும் புகை குறையவில்லை.

இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரைப் பொறுத்தவரை இந்த இன்ஜினுக்கு ஒரு சாதகம் உண்டு. சிலிண்டர்கள் பிளாக்கிலேயே குடையப்பட்டவை. தண்ணீரில் நிற்கும் தனி உருளையான லைனர் இல்லாததால், லைனர் வளையம் கசிந்து ஆயிலில் தண்ணீர் கலக்கும் தொல்லை இல்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் பால் கலந்த தேநீர் நிறம் தெரிந்தால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட்டையோ ஆயில் கூலரையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கூலர் கசிந்தால், ஓடும்போது ஆயிலின் அழுத்தம் மிகுந்திருப்பதால் ரேடியேட்டரில் ஆயில் படலம் மிதக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து, குமிழிகள் விடாமல் வருகின்றனவா என்று பார்த்தால் கேஸ்கட்டின் நிலையும் தெரிந்துவிடும்.

ஆயில் அழுத்தத்தை டேஷ்போர்டு முள்ளை நம்பிச் சொல்லக் கூடாது. தனி கேஜ் ஒன்றை மாட்டிப் பார்க்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின் ஐட்லிங்கில் 10 பிஎஸ்ஐக்கும், முழு வேகத்தில் 30 பிஎஸ்ஐக்கும் குறைந்தால் பேரிங்குகள் அல்லது ஆயில் பம்ப் தேய்ந்துள்ளன என்று கொள்ளலாம். விற்பனைக்கு முன் கெட்டியான ஆயிலை ஊற்றி இந்த அளவை உயர்த்திக் காட்டுவது பழைய தந்திரம். இதற்கு மாற்று, பாரம் ஏற்றிய வண்டியை ஒரு மணி நேரமாவது ஓட்டுவதுதான். சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர் கணவாயில் பாரத்தோடு ஏறச் சொன்னால், கறுப்புப் புகை, வெப்பமானி, இழுவை மூன்றும் ஒருசேர உண்மையைச் சொல்லிவிடும்.

6பிடிக்கே உரிய குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். டைமிங் கியர் ஹவுசிங்கைப் பிளாக்கோடு நேர்ப்படுத்தும் ஒரு சிறிய எஃகு டவல் பின், ஆண்டுக்கணக்கான அதிர்வில் நழுவிக் கியர்களுக்கிடையே விழுந்துவிடக்கூடும். டைமிங் கவரைத் திறக்கும் வேலை வரும்போது, பின் வெளியே வராதபடி ஒரு தகட்டைப் போல்ட்டுக்கு அடியில் மாட்டினால் போதும். மாட்டியிருக்கிறதா என்று விற்பவரைக் கேட்டால், பெரும்பாலும் அப்படி ஒரு பின் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாமல் வண்டி பார்க்கப் போவதே வீண். அதைத் தனியாக எழுதுகிறேன். எந்த வண்டியானாலும், பிளாக்கில் பொறித்துள்ள இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று துடைத்துப் பார்த்துவிடுங்கள்.

அன்றைய வண்டியை வாடிக்கையாளர் விடவில்லை. சேசிஸும் கியர்பாக்ஸும் நன்றாக இருந்ததால், சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் ரீபோர் செலவை விலையில் கழித்துக்கொண்டு வாங்கினார். 6பிடியின் சிலிண்டரை முதலில் 0.5 மி.மீ., பிறகு 1 மி.மீ. என்று இரண்டு முறை பெரிதாக்கலாம். அதற்கு மேல், உள்ளே புதிய உருளையைச் செருகும் ஸ்லீவ்தான். எத்தனையாவது முறை என்பது வெளியிலிருந்து தெரியாது. லேத் பட்டறை பில் இருந்தால்தான் தெரியும். பில்லைக் கேட்டேன், தொலைந்துவிட்டது என்றார் விற்பவர். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பத்து நாள் கழித்து ஹெட்டை இறக்கிக் கரியைச் சுரண்டியபோது, ஆறு பிஸ்டன்களின் தலையிலும் 1.00 என்ற முத்திரை தெரிந்தது. பிளாக்கை இறக்கி, ஆறு சிலிண்டருக்கும் ஸ்லீவ் அடித்தோம். ரீபோர் என்று நாங்கள் கழித்த தொகை அதற்குப் போதவில்லை.