அம்பாசடரின் பின் ஆக்சில் ஏன் கூவுகிறது?

கும்பகோணம் மகாமகக் குளத்தின் நான்கு கரைகளையும் ஓர் அம்பாசடர் கார் ஒருமுறை சுற்றி வந்தால், அதன் வெளிப்பக்கப் பின்சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட ஏறக்குறைய எட்டரை மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். குளம் பெரிதா சிறிதா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. இரு சக்கரங்களுக்கும் இடையிலான அகலம் சுமார் 1.35 மீட்டர், அதை 2π-ஆல் பெருக்கினால் விடை வந்துவிடும். தெருமுனைச் சிலையைச் சுற்றினாலும் எட்டரை மீட்டர்தான், கல்லணையில் கிளம்பிப் பூம்புகார், நாகப்பட்டினம், தஞ்சாவூர் என்று டெல்டாவையே வளைத்துவிட்டு வந்தாலும் எட்டரை மீட்டர்தான். சக்கரத்தின் கணக்கில் அது நான்கு சுற்று.

மாட்டு வண்டிக்கு இதனால் தொல்லை இல்லை. அச்சு அசையாமல் கிடக்கும். சக்கரங்கள் அதன்மேல் தத்தம் போக்கில் சுழலும். இழுக்கிற வேலை மாட்டினுடையது. காரிலோ சக்கரமே வண்டியைத் தள்ளியாக வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கி இன்ஜினோடு இணைத்தால், திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு டயர் தரையில் இழுபடும். இதற்கு பிரான்ஸைச் சேர்ந்த ஒனெசிஃபோர் பெக்கூர், நீராவி வண்டிகளின் காலமான 1827-லேயே வழி கண்டார். இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் அந்த டிஃபரன்ஷியல்தான் 1957 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரின் பின் ஆக்சிலுக்குள்ளும் இருக்கிறது.

இன்ஜினிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாப்ட் என்ற நீண்ட தண்டின் முனையில் பினியன் என்ற சிறிய பற்சக்கரம். அது கிரவுன் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுனோடு சேர்ந்து சுழலும் கூண்டுக்குள் சின்னஞ்சிறு ஸ்டார் கியர்கள்; அவற்றின் இருபுறமும் ஆக்சில் ஷாப்ட்டுகளின் பற்சக்கரங்கள். நேர்ச்சாலையில் ஸ்டார் கியர்கள் தம் அச்சில் சுழலாமல் கூண்டோடு போகும். வண்டி வளையும்போது மட்டும் தாமும் உருண்டு, ஒரு சக்கரத்திடம் குறைத்த வேகத்தை மற்றதற்குக் கொடுக்கும். இரு சக்கரங்களின் சராசரி வேகம் எப்போதும் கிரவுனின் வேகமாகவே இருக்கும்.

இந்தச் சராசரி விதியைப் பட்டறையில் கண்ணாலேயே பார்க்கலாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, புரொப்பல்லர் ஷாப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால் கிரவுன் ஒரு சுற்றுதான் சுற்றும், ஏனென்றால் மறுசக்கரம் தரையில் நிற்கிறது. அதற்குள் சாக்பீஸ் கோடு எத்தனை சுற்றுப் போகிறதோ அதுதான் ஆக்சிலின் விகிதம். கிரவுனில் 41 பல்லும் பினியனில் 9 பல்லும் இருந்தால் கோடு நான்கரைச் சுற்றுக்குச் சற்று மேலே போய் நிற்கும். ஆக்சிலைப் பிரிக்காமலே தெரிந்துகொள்ளக்கூடிய இந்த எண்ணின் அருமை, பழைய சாமான் கடையில் வேறொரு ஆக்சிலை விலை பேசும்போது புரியும்.

இந்த அமைப்புக்கு ஒரு பலவீனமும் உண்டு. வேகத்தைத்தான் பிரித்துக் கொடுக்கும். முறுக்கு விசையை எப்போதும் இரு பக்கத்துக்கும் சமமாகவே தரும். அறுவடைக் காலத்தில் களத்து மேட்டோரம் ஒரு சக்கரம் களிமண்ணில் இறங்கிவிட்டால், வழுக்கும் அந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு குறைவான விசை போதுமோ அவ்வளவுதான் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். ஒன்று இரட்டை வேகத்தில் சேற்றை வாரியடிக்கும், மற்றது சும்மா நிற்கும். கை பிரேக்கை லேசாக இழுத்துப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரை மெதுவாகக் கொடுத்தால் சில நேரம் வண்டி கிளம்பிவிடுவதும் இதே விதியால்தான். சுழலும் சக்கரத்துக்குத் தடை கூடும்போது மறுசக்கரத்துக்கும் விசை கூடுகிறது.

இனி, கூவுவதற்கு வருவோம். அம்பாசடரின் பினியன், கிரவுனின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே தள்ளி அமைந்திருக்கிறது. ஹைப்பாய்டு எனப்படும் இந்த அமைப்பை 1920களில் அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் உருவாக்கியது. இதனால் தண்டும் வண்டியின் உட்தளமும் தாழ்கின்றன, பற்களும் ஓசையில்லாமல் இழைகின்றன. ஆனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு, கடும் அழுத்தத்தில் நீளவாக்கில் சறுக்கவும் செய்கின்றன. சாதாரண எண்ணெய்ப் படலம் அங்கே நிற்காது. அதனால்தான் ஆக்சிலுக்குரிய 90 நம்பர் ஆயிலில் கந்தகச் சேர்மங்களைக் கலக்கிறார்கள். பல்லும் பல்லும் உரசிச் சூடாகும் புள்ளியில் கந்தகம் இரும்போடு வினைபுரிந்து மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்கும். உரசலில் தேய்வது அந்தப் படலம், பல் தப்பிக்கும். ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றியதும் மூக்கைத் துளைக்கும் நாற்றம் இந்தக் கந்தகத்தினுடையது. கையில் மிஞ்சிய இன்ஜின் ஆயிலை இதில் ஊற்றிச் சமாளிப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

டெல்டாவில் இந்த ஆயிலுக்கு இன்னொரு எதிரி தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு சாலையில் ஓடும்போது, ஓடிச் சூடேறிய ஆக்சில் அதில் முங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. காற்றோட்டத் துளையில் சேறு அடைத்திருந்தால், ஆயில் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் வழியாக ஆக்சில் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பிளக்கைத் திறந்தால் தேன் நிறத்தில் வரவேண்டிய ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வரும். அப்படியே விட்டால் பேரிங்கின் உருளைகளில் துருப்புள்ளி விழும். சத்தம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சத்தம் கேட்டதுமே கிரவுன் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லும் அவசரம் பல பட்டறைகளில் இருக்கிறது. காது கொடுத்துக் கேட்டால் பாதி வழக்கு முடிந்துவிடும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கூவி, காலை எடுத்ததும் நின்றுபோனால் கிரவுன், பினியன் பற்கள் சரியாகப் பொருந்தவில்லை என்று சந்தேகிக்கலாம். மிதித்தாலும் எடுத்தாலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங். வண்டியை இடமும் வலமுமாக ஒடிக்கும்போது உறுமல் கூடிக் குறைந்தால் சக்கரத்துப் பேரிங். திருப்பத்தில் மட்டும் கேட்டால் ஸ்டார் கியர். கியர் மாற்றும்போது 'டொக்' என்றால் முதலில் புரொப்பல்லர் ஷாப்ட்டின் இணைப்பான கிராஸ் ஜாயிண்ட்டைப் பாருங்கள். தார்ச் சாலை முடிந்து சிமென்ட் சாலை தொடங்கியதும் சத்தம் மாறினால், குற்றவாளி டயர்; ஆக்சிலைத் தொடவே வேண்டாம்.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால், பிரிப்பதற்கு முன்பே அளக்க வேண்டும். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று இழைத்துச் சேர்த்த ஜோடி. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றக் கூடாது. இரண்டின் பற்களுக்கும் இடையிலுள்ள பிளே என்ற தளர்வு, டயல் கேஜில் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, பேரிங் மூடிகளுக்கு இடம், வலம் என்று பஞ்ச் கருவியால் தட்டிப் புள்ளி வைத்து, இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் என்ற மெல்லிய தகடுகளை அந்தந்தப் பக்கத்தோடு கட்டி வைக்க வேண்டும். நாற்பது வருடம் சேர்ந்து தேய்ந்த பற்களைப் பழைய இடத்திலேயே மீண்டும் உட்காரவைத்தால்தான் அமைதியாக ஓடும்.

புதுப் பேரிங்குகள் ஏறிய பின் பினியன் எவ்வளவு இறுக்கமாகச் சுழல்கிறது என்பதற்கும் அளவு உண்டு. ஆயில் சீல் போடுவதற்கு முன், பினியனின் முனைத் தட்டான பிளாஞ்சில் நூலைச் சுற்றி, அதன் முனையை ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். இறுக்கம் மிஞ்சினால் பேரிங் கருகும்; குறைந்தால் பாரம் ஏறும்போது பினியன் நகர்ந்துவிடும்.

கடைசிச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கிரவுனின் சில பற்களில் செந்நிறப் பசையை மெல்லப் பூசி, லேசாகத் தடை கொடுத்துச் சுழற்றுவார்கள். பல் பட்ட இடத்தில் பசை விலகித் தடம் விழும். தடம் பல்லின் அடிவாரத்தில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது. நுனியில் விழுந்தால் போதிய அளவு உள்ளே வரவில்லை. பினியனின் ஷிம்மை மாற்ற வேண்டும். பல்லின் உள்முனையில் விழுந்தால் கிரவுனைச் சற்று விலக்க வேண்டும்; வெளிமுனையில் விழுந்தால் நெருக்க வேண்டும். காகிதக் கனமே உள்ள தகட்டைக் கூட்டுவதும் குறைப்பதுமாக மத்தியானம் முழுவதும் போகும். இதற்குப் பொறுமையில்லாதவர்தான் ஆக்சிலையே மாற்றிவிடலாம் என்பார்.

ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங் வளைந்திருந்தாலோ பல் உடைந்திருந்தாலோ அவர் சொல்வது சரிதான். அப்போது ஸ்பிரிங் பட்டைகளின் யு போல்ட், பிரேக் குழாய், கை பிரேக் கம்பி, புரொப்பல்லர் ஷாப்ட்டின் நான்கு போல்ட்டுகள் ஆகியவற்றைக் கழற்றினால் முழு ஆக்சிலும் வெளியே வந்துவிடும். ஆனால் வாங்கும் ஆக்சிலிலும் பல் எண்ணிக்கையைப் பார்த்துவிடுங்கள். ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர் பாக்ஸிலிருந்துதான் போகிறது. விகிதம் மாறியது அதற்குத் தெரியாது. 41-க்கு 9 இருந்த இடத்தில் 43-க்கு 10 வந்தால், முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 63 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போய்க்கொண்டிருக்கும்.