துருவைச் சுரண்டும்போது தொலையும் நிறம்

அருங்காட்சியகமாகிவிட்ட போர்க்கப்பலில் எல்லோர் கண்ணும் பீரங்கிகள் மீதுதான் போகும். ஆனால் கப்பல் இன்னும் மிதப்பதற்குக் காரணம், அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத பெயின்ட் பூச்சு.

கடல்நீரில் நனைந்த எஃகில் ஓரிடத்து இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகின்றன. சற்றுத் தள்ளி, அந்த எலக்ட்ரான்களை ஆக்சிஜனும் நீரும் வாங்கிக்கொள்கின்றன. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் சுற்று முழுமையடைந்து, துரு வேகமெடுக்கிறது. நீருக்கடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தினால், இரும்புக்குப் பதில் அவை கரைந்துபோகும். நீர்மட்டக் கோட்டில் இந்த உபாயம் சரியாகப் பலிப்பதில்லை. அங்கே தகடு நனைந்தும் காய்ந்தும் கிடக்கிறது, காற்றும் தாராளமாகக் கிடைக்கிறது. பழைய கப்பல்கள் பெரும்பாலும் அங்கேதான் அரித்துப்போகின்றன.

கடற்படையில் இருக்கும் கப்பல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலர்துறைக்கு, அதாவது நீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலின் அடிப்பகுதியைப் பழுதுபார்க்கும் தொட்டிக்கு, போய்விடும். அருங்காட்சியகக் கப்பலுக்கு அந்த வசதி எளிதில் வாய்ப்பதில்லை. 1914இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த ‘டெக்சாஸ்’, 1948இல் அருங்காட்சியகமானது. 1988–90 சீரமைப்புக்குப் பிறகு அது மீண்டும் உலர்துறையைப் பார்த்தது 2022 ஆகஸ்டில், டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டனில். டார்பிடோ தாக்குதலைத் தாங்குவதற்காகப் பக்கங்களில் பொருத்திய புடைப்புகளில் நூற்றுக்கணக்கான டன் எஃகை மாற்ற வேண்டியிருந்தது.

அடுத்த வேலை பிளாஸ்டிங். கூரிய துகள்களை அழுத்தக் காற்றில் அடித்து, துருவையும் பழைய பூச்சையும் வெள்ளை உலோகம் தெரியும்வரை நீக்குகிறார்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்பதால் தூசி வெளியேறாதபடி கூடாரம் போட்டே செய்ய வேண்டும். சுத்தமான எஃகு சில மணி நேரத்திலேயே மறுபடி துருப்பிடிக்கத் தொடங்கும். அதற்குள் பிரைமர் எனும் முதல் பூச்சு ஏற வேண்டும். அதிலும் ஒரு விதி உண்டு: தகட்டின் வெப்பநிலை, காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின் மேல் பூச்சு உட்கார்ந்து, பின்னால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும்.

எஃகைக் காப்பாற்றும் இதே பிளாஸ்டிங்தான் கப்பலின் பழைய நிறத்துக்கான சாட்சியத்தையும் அழிக்கிறது. அதனால் மாதிரிகளை முன்பே எடுத்தாக வேண்டும். இதில் சமரசமே கூடாது என்பது என் கருத்து.

மாதிரி எடுப்பது நுணுக்கமான வேலை. அடிப்பரப்புவரை ஒரு சிறு சில்லைக் கத்தியால் பெயர்த்து, பிசினில் பதித்து, குறுக்குவெட்டாக மெருகேற்றி நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். பூச்சுகள் அடுக்கடுக்காகத் தெரியும். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே கரிய கோடாக அழுக்கு படிந்திருந்தால், கீழடுக்கு நெடுநாள் வெளியே தெரிந்தபடி இருந்தது என்று பொருள். டைட்டானியம் வெள்ளை கலந்த அடுக்கு 20ஆம் நூற்றாண்டுக்கு முந்தையதாக இருக்க முடியாது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் உள்ள, கடற்படைத் தளபதி நெல்சனின் மரக்கப்பலான ‘விக்டரி’யில் இப்படி 72 அடுக்குகள் வரை எண்ணினார்கள். 1805 டிரஃபால்கர் போரின்போது அதன் பக்கங்களில் இருந்தது, பிற்காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன அழுத்தமான ஆரஞ்சு கலந்த மஞ்சள் அல்ல, வெளிறிய மஞ்சள்தான் என்று தெரியவந்தது. 2015இல் அந்த நிறத்தையே பூசினார்கள். கண்ட நிறத்தை அப்படியே நகலெடுக்கவும் முடியாது. ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும் என்பதால், அந்தப் பழுப்பைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

எஃகுக் கப்பல்களில் அடுக்குகள் இவ்வளவு மிஞ்சுவதில்லை, ஒவ்வொரு பழுதுபார்ப்பிலும் சுரண்டப்பட்டிருக்கும். பின்னாளில் பொருத்திய பட்டைகளின் அடியில்தான் தேட வேண்டும். கறுப்புவெள்ளைப் படங்களும் ஏமாற்றும்: பழைய படச்சுருள்களில் பல சிவப்பொளியை உணராதவை, அவற்றில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் பதியும். அமெரிக்கக் கப்பல்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பெரும்பாலும் வெள்ளை மூலப் பெயின்ட்டில் ஊதாநீலப் பசையைக் குறித்த அளவில் கலந்தே அவற்றின் சாம்பலையும் நீலத்தையும் உண்டாக்கினார்கள். அந்த விகிதமும் நிற அட்டைகளும் கிடைக்கின்றன.

பழைய நிறத்தை இன்றைய எபாக்ஸி, பாலியூரித்தேன் பூச்சுகளில் கொண்டுவருவதை நான் குறையாக நினைக்கவில்லை. எந்த ஆண்டின் நிறம் என்பதில்தான் கறாராக இருக்க வேண்டும். மேல்தளத்தில் 1945இன் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் நிற்கும்போது, பக்கங்களில் 1914இன் சாம்பல் நிறத்தைப் பூசினால், அப்படியொரு கப்பல் எந்தக் கடலிலும் மிதந்ததே இல்லை.